இரண்டு கேபிள், ஒரு மோடு

“ஒன் தங்கச்சி தங்கம்டா. ஒன் வாய்க்குப் பயந்துதான் வேணாங்குறேன்.”

“என் வாய் ஒன்ன என்னடா பண்ணுச்சு?”

“எங்க அம்மாவுக்கு சக்கர வந்தது எனக்கே தெரியாது, டீ ஊத்துறவருக்குத் தெரிஞ்சிருக்கு. நாளைக்கு எங்க வூட்டு விஷயமெல்லாம் விக்கிரமங்கலம் பஸ்ல ஓடும்.”

கேன்டீனே சிரித்தது சார். ராஜதுரை எங்கள் சிமெண்ட் ஆலையில் அரவை மில் ஃபிட்டர். என் தங்கை வெற்றிச்செல்விக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை. அன்று அத்தனை பேர் முன்னால் முறித்துக்கொண்டான். நாலு வீட்டு நலம் கேட்பது குற்றமென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஆலையின் நெட்வொர்க் என் பொறுப்பு. மில்லுக்குள் இறங்குகிறவர் முன்பெல்லாம் வேறு யாரும் மில்லை ஓட்டிவிடாதபடி மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியை அரைஞாணில் கோத்துக்கொள்வார். கம்ப்யூட்டர் வந்ததும் பூட்டு போயிற்று. வாசல் திரையில் பெயரைத் தட்டினால், அது தகவலைச் சேமிக்கும் ஸ்டோரேஜில் பதிவாகி, உள்ளே ஆள் இருப்பதாகக் கன்ட்ரோல் ரூமில் சிவப்பு எரியும். பதிவு போய்ச் சேராவிட்டால் பழைய பச்சையே நிற்கும். வாசல் திரை சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அது எப்போதும் சுற்றுவதுதான், யாரும் காத்திருப்பதில்லை. ஊரெல்லாம் கதை சொல்லும் நான் இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

ஸ்டோரேஜ் சுவிட்சுக்கு இரண்டு கேபிள்கள் சேர்ந்து ஒரே பாதையாகப் போகின்றன. இரு முனையிலும் ஒரே மோடு, அதாவது இயங்கும் முறை, இருக்க வேண்டும். நான் ஒரு முனையை மட்டும், எதிர்முனையிடம் கேட்டுச் சம்மதம் வந்தால்தான் பாதை திறக்கும்படி மாற்றினேன். எதிர்முனை யாரையும் கேட்காமல் அனுப்பும் மோடில் இருந்தது. அது பதில் சொல்லாது. பெண்வீட்டார் கதவைச் சாத்திய பிறகும் மாப்பிள்ளை வீட்டார் தட்டு தூக்கிக்கொண்டு வருவதுபோல. கேபிளில் விளக்கு எரியும், ஒன்றும் போய்ச் சேராது.

மோடை மாற்றிய அன்று, மில்லுக்குள் தேய்ந்த தகடு மாற்ற ராஜதுரைதான் இறங்குவான் என்று தெரிந்து வைத்திருந்தேன். அவன் வாசல் திரையில் தன் பெயரைத் தட்டிவிட்டு உள்ளே இறங்கியதும் கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டேன்.

“மில்லு இன்னும் ஓடலையா சக்தி? மேனேஜர் கேக்குறாரு.”

“பச்சதான் எரியுது. போடட்டுமாண்ணே?”

“அத ஏன் என்ட்ட கேக்குற?”

உள்ளே டன் கணக்கில் இரும்பு உருண்டைகள். முதல் சுற்றில் குரல் கேட்டது. அப்புறம் உருண்டைகளின் சத்தம் மட்டும். மோடைப் பழையபடி வைத்துவிட்டு, தூக்க ஓடியவர்களோடு நானும் ஓடினேன். தூக்குவதற்கு ஆளாக எதுவும் இல்லை. சிமெண்ட் சாக்குகளில்தான் அள்ளினோம். ஒரு சாக்கை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

ஆகவே சக்தி மேல் போட்ட வழக்கை எடுத்துவிடுங்கள் சார். பாவம், வேலையை விட்டுவிட்டுப் பெரம்பலூர் போய் மாமனார் வீட்டில் கிடக்கிறான். சிக்னலில் பச்சை விழுந்தால் வண்டியை எடுக்காமல் நிற்கிறானாம்.

வெற்றிச்செல்விக்குத் திருமானூரில் கல்யாணம் ஆகிவிட்டது. அவளுக்காகத்தான் எல்லாம் செய்தேன். பத்திரிகையில் அண்ணன் என்ற இடத்தில் பெரியப்பா மகன் பெயர் இருந்தது. இந்த அச்சகத்துக்காரர்கள் எதையும் விசாரித்துப் போடுவதில்லை.