போகாமல் நின்றவன்

தஞ்சாவூரிலிருந்து பேராவூரணி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒரத்தநாடு தாண்டியதும் ஜன்னலோரம் இருந்தவர், "என் பையன் ஊர்ல காத்து வரப்போவுதுன்னா சங்கு ஊதுவாங்க. எல்லாரும் தரைக்கு அடியில இருக்குற ரூமுக்குள்ள இறங்கிடணும்" என்றார்.

"எந்த ஊர்லக்கா?"

"அமெரிக்காவுல. டொர்னாடோங்குறாங்க. மேகத்துலேருந்து யானைத் தும்பிக்கை மாதிரி இறங்குமாம். போன வாரம் அவன் தெருவையே வழிச்சுட்டுப் போயிடுச்சு."

"ஐயோ! தம்பிக்கு ஒண்ணுமில்லையே?"

"பொண்டாட்டி புள்ளையோட கீழ இறங்கிட்டான். பக்கத்து வீட்டுல ஒரு வயசான அம்மா, நடக்க முடியாது, தனியா இருந்துச்சு. தூக்கிட்டு வந்துடலாம்னு பாதிப் படி ஏறியிருக்கான். அவனோட அப்பா ஞாபகம் வந்து நின்னுட்டான்."

"அப்பாவுக்கு என்னாச்சு?"

"கஜா புயல்ல கன்னுக்குட்டியை அவுத்துவிடப் போனாரு. தென்னை மேல சாஞ்சிடுச்சு. இவன்தான் மரத்தை அறுத்து அவரை வெளிய எடுத்தான்."

பக்கத்திலிருந்தவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த அம்மா?"

"வீடே இல்லயே. தினம் போன் பண்ணி அழுவுறான். 'அப்பா ஒரு கன்னுக்குட்டிக்குப் போனாரு, நான் ஒரு மனுஷிக்குப் போகலயேம்மா'ங்குறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'உங்கப்பாவும் போகாம இருந்திருக்கணும்டா'ன்னேன். போனை வச்சுட்டான். நேத்துலேருந்து நான் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்குறான்."