பாதி திறக்கும் கேட்

நஞ்சன்கூட்டிலிருந்து மைசூர் வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற நண்பரிடம் கணவர் பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"தசரா யானை வந்து முட்டினாலும் என் கேட் போஸ்ட் அசையாது சார்!"

"கார் நிறுத்தப் போட்ட காங்கிரீட்டை உடைச்சா நட்டீங்க?"

"உடைக்க விடுவேனா? போஸ்ட்டுக்கு அடியில இரும்புத் தகடு வெச்சு, காங்கிரீட்ல துளை போட்டு நாலு போல்ட் முடுக்கினேன். அவ்வளவுதான்."

"கேட் நல்லாத் திறக்குதா?"

"பாதி திறக்குது."

"பாதியா?"

"மழைத்தண்ணி ரோட்டுக்கு ஓடணும்னு காங்கிரீட்டைச் சரிவாப் போட்டிருக்கேன். உள்ள போகப் போக மேடு. கேட் அதுல தட்டி நின்னுடுது. ஓர் ஆள் தாராளமாப் போகலாம்."

"ஹௌதா, அப்படியா? நாளைக்குக் கிருகப்பிரவேசம். முதல்ல பசு உள்ள போகணுமே சார்? கேட்டை ஒரு நாள் கழட்டி வெச்சுடுங்க."

"கழட்டவே முடியாது. திருடன் தூக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னு கீலோட சேர்த்து வெல்டிங் பண்ணியாச்சு."

அதுவரை ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி திரும்பாமலே சொன்னார்:

"பால்காரர்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். பசுவுக்கு ரோட்டுலயே பூஜை. கன்னுக்குட்டி மட்டும் உள்ள வரும்."

கணவர் நண்பரை நிமிர்ந்து பார்த்தார்.

"கன்னுக்குட்டி தாராளமாப் போகும் சார்."