எண்பது கிலோமீட்டர்

பேட்டரி கார் வரப்போகிறது என்று பேப்பர்கள் எழுதத் தொடங்கியிருந்த சமயம். தாம்பரத்தில் பீச் ரயில் கிளம்பக் காத்திருந்தது. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் பேப்பரை மடித்துவிட்டு மனைவியிடம் கேட்டார்:

"எண்பது கிலோமீட்டர்ல நின்னுபோற கார்ல அம்மா சாவுக்கு எப்படிப் போறது?"

"என்ன பேச்சு இது! அத்தை விழுப்புரத்துல நல்லாத்தானே இருக்காங்க?"

"ஒரு அவசரம்னா?"

"நம்ம கார் எங்க போகுது? மார்க்கெட்டு, வெள்ளிக்கிழமையானா கோயிலு. மத்த நாள் ஷெட்லயே ஸ்டார்ட் பண்ணி அணைக்கிறீங்க. அதுக்குப் பேட்டரி கார் போதாதா?"

"அவசரத்துக்குப் போதாதே."

"மாமா தவறிட்டார்னு போன் வந்தப்போ டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தது. நீங்க கார் சாவியை எடுக்கவே இல்ல. பஸ்லதானே போனோம்?"

ரயில் கிளம்பியது. சானடோரியம் ஸ்டேஷன் தாண்டியது. அவர் மெதுவாகச் சொன்னார்:

"நெனச்சா போயிடலாம்னு இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வருது."

அந்த அம்மாள் ஜன்னலைப் பார்த்தபடியே பதில் சொன்னார்:

"அப்ப அத்தையை இங்கயே கூட்டிட்டு வந்துடுங்க. எண்பது கிலோமீட்டர் தாராளம்."