மூன்று குரலில் அம்மா

தலையில் வயர்களை ஒட்டும் பசையை எடுக்க ஷாம்பு வேண்டியதில்லை. கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரும் ஒரு பழைய துண்டும் போதும். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் வேலையில் பதினேழு வருடம் இருக்கிறேன். அவசரப்பட்டுத் தேய்த்து ஒருவர் முடியையும் பிய்த்ததில்லை. அன்றைக்கும் அம்மாவின் தலையை நிதானமாகத்தான் துடைத்தேன். முடிவைப் பார்த்த பிறகுதான் துடைத்தேன் என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

அம்மா மாடிப்படியில் விழுந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. இமை பாதி மூடியே இருக்கும், கை கால் அசையாது, சாப்பாடு குழாய் வழியாக. புரட்டிப் போடுவது, துடைப்பது, நகம் வெட்டுவது, என் வேலை முடிந்ததும் மேல்மாடி வார்டுக்கு ஓடுவது எல்லாம் நான். என் தங்கை வெளிநாட்டில் இருந்தாள். ஓர் எட்டு வந்து பார்க்கவில்லை. போனில் மட்டும் உருகுவாள்.

"நீ இருக்கேங்கிற தைரியத்துலதான் அக்கா நான் இங்க தூங்கறேன்."

நன்றாகத் தூங்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு நாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "உள்ளே நினைவு இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடலாம். இருந்தா சிகிச்சையைத் தொடரலாம். இல்லைன்னா குழாயை எடுக்கறதைப் பத்திப் பேசணும். சொந்தக்காரங்க இந்த டெஸ்டைப் பண்ணக்கூடாதுதான். ஆனா உங்களை விட்டா எனக்கு யார் இருக்கா?" எங்கள் பிரிவில் நான் ஒருத்திதான்.

சோதனை எளிமையானது. 'அம்மா' என்ற சொல்லை மூன்று பேர் குரலில் பதிவு செய்து இரண்டு காதிலும் ஒலிக்கவிட வேண்டும். ஒன்று நர்ஸ், ஒன்று தங்கை, ஒன்று நான். வார்டில் எல்லோரும் அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆகவே சொல் ஒன்று, ஆள்தான் வேறு. ஒவ்வொரு குரலும் அறுபது தடவை, மாற்றி மாற்றி. உள்ளே நினைவு இருந்தால், வேண்டியவர் குரல் கேட்டதும் அலையில் ஒரு மேடு எழும்பும்.

எழும்பியது. தங்கைக்கு. என் குரலுக்கும் நர்ஸின் குரலுக்கும் கோடு ஒரே மாதிரி தட்டையாகக் கிடந்தது.

எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது? சின்ன வயதிலிருந்தே தங்கைதான் செல்லம், அது தெரிந்த கதை. ஆனால் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கும்போதும் அம்மா ஓரவஞ்சனை செய்வாள் என்று நான் நினைக்கவில்லை. பதினான்கு மாதம் மலம் துடைத்தவளும், ஷிப்ட் முடிந்தால் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவளும் அவளுக்கு ஒன்றுதான். பெற்றவளே என்னை ஏமாற்றிவிட்டாள்.

'மூன்று குரலுக்கும் பதில் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய்யான அறிக்கை என்று உங்கள் போலீஸ் காகிதத்தில் இருக்கிறது. முழுக்கப் பொய் இல்லை. மூன்றில் இரண்டு உண்மை.

தங்கை போனில் அழுதாள். "அம்மாவுக்கு வலிக்காதுல்ல அக்கா?"

"வலி தெரியறதுக்கு உள்ள ஆள் இல்லடி."

குழாயை எடுத்தார்கள். பதினோரு நாள் ஆயிற்று. உதடு காயாமல் ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொண்டே இருந்தேன், நர்ஸ்கள்கூட மெச்சினார்கள். அவள் உள்ளே விழித்திருக்கிறாள், அவளுக்குப் பசிக்கும் என்று அந்த அறையில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒரு வார்த்தை பேசவில்லை. என் குரல்தான் அவளுக்குப் பிடிக்காதே.

சாவுக்கு வந்த தங்கை, டெஸ்டை எடுத்ததே நான்தான் என்று வார்டில் கேள்விப்பட்டு, அந்தப் பதிவை வாங்கி வெளியில் ஒரு நிபுணரிடம் கொடுத்துவிட்டாள். அவர் தங்கையின் மேட்டைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. பதிவிலிருந்து நான் நீக்கிய துண்டுகளையும் எண்ணுவார் என்றுதான் எதிர்பார்க்கவில்லை. ஒரு தடவை கூப்பிட்டால் பதிவில் ஒரு துண்டு. கண் அசைந்தால் அதில் எழும் மின்சாரம் மூளையின் அலையை மறைத்துவிடும். அப்படிப்பட்ட துண்டுகளை அழுக்கு என்போம். அவற்றைத் தள்ளிவிட்டுத்தான் கணக்குப் போடுவோம். நர்ஸ் கூப்பிட்டதில் மூன்று துண்டுகள் நீக்கம். தங்கை கூப்பிட்டதில் ஐந்து. நான் கூப்பிட்டதில் நாற்பத்தெட்டு.

நேற்று நீங்கள் குரலை உயர்த்தாமல்தான் கேட்டீர்கள். "ரெண்டு காதுலயும் ஒரே சத்தம். ஆனா நீங்க கூப்பிட்டப்ப மட்டும் அவங்க கண்ணு இடப்பக்கம் போயிருக்கு. இத்தனை மாசமா நீங்க எந்தப் பக்கம் உட்காருவீங்க?"

இடப்பக்கம்தான். கட்டிலின் மறுபக்கம் சுவர்.

அந்தத் துண்டுகளை இயந்திரம் நீக்கவில்லை. ஒவ்வொன்றையும் திரையில் பார்த்து நீக்கியவள் நான். எல்லாம் ஒரே பக்கம் போகின்றன என்பது இருபதாவதிலேயே தெரிந்துவிட்டது. மிச்சத்தையும் நீக்கினேன். அறிக்கை எழுதினேன், குழாயை எடுக்க வைத்தேன், அவளைக் கொன்றேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கண் அசைவைப் பதிலாக எடுத்துக்கொள்ள எங்கள் விதியில் இடமில்லை. என் மேல் கொஞ்சமாவது பாசம் இருந்திருந்தால், தங்கைக்குக் கிடந்ததுபோல எனக்கும் அம்மா கண்ணை அசைக்காமல் கிடந்திருப்பாள்.