ஐப்பசிப் பாடும் புது மாடலும்

லேப்டாப்பைத் துடைக்கப் பழைய வேட்டித்துணிதான் நல்லது, சார். பழவேற்காட்டு உப்புக்காற்றில் படிகிற பிசுக்கு வேறெதற்கும் போகாது. பதினோரு வருஷமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்துக் கற்றுக்கொண்டது.

இன்னொன்றும் கற்றேன். புதுச் சிப் தயாராகிவிட்டாலும் கம்பெனிக்காரன் உடனே வெளியே விடமாட்டான். பழைய சரக்கு தீரவேண்டும், பண்டிகை வரவேண்டும், ஜனங்கள் கையில் காசு புழங்கவேண்டும். அதுவரை மூச்சு விடமாட்டான். வியாபாரம் என்றால் அப்படித்தான். நானும் அதைத்தான் செய்தேன். ஏரியில் யார், என்றைக்கு, எங்கே வலை கட்டலாம் என்று பசியாவரம் தீவில் முறை வைத்திருக்கிறார்கள், பாடு என்பார்கள். அந்தத் தீவு மீனவர் சகாதேவனுக்கு நல்ல பாடு ஐப்பசியில் விழுந்தது, அப்போதுதான் கையில் காசு புழங்கும். புது மாடல் லேப்டாப் கடைக்கு வருவதும் ஐப்பசியில்தான்.

ஆடியில் அவர் மகள் ஜமுனா லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். ஆன்லைன் பயிற்சியை முடித்தால் அவளுக்குச் சென்னையில் வேலை.

"பெலிக்ஸ் அண்ணா, ஆன் ஆவமாட்டேங்குது. இன்னா ஆச்சுனு பாருங்களேன்."

மறுநாள் வந்தவளிடம், "போர்டு போச்சும்மா, தேறாது. ஐப்பசில புதுசு வருதுனு நைனாகிட்ட சொல்லு" என்றேன்.

அவளை அம்போவென்று விட்டுவிடவில்லை. கடைக்கு வந்து என் கம்ப்யூட்டரிலேயே படி என்றேன். ஒரு பைசா வாங்கவில்லை. டீகூட வாங்கிக்கொடுத்தேன். அப்போது தீவுக்குப் பாலம் திறக்கவில்லை. தினமும் படகில் வந்து போனாள்.

புரட்டாசியில் ஒருநாள் சாயங்காலம் காற்று திரும்பியது. படகு கவிழ்ந்தது. மற்ற மூவரும் நீந்திக் கரையேறிவிட்டார்கள். ஜமுனாவுக்கும் நீச்சல் தெரியும். துப்பட்டா வலைக்கம்பில் சிக்கிக்கொண்டதாம். நான் அழுதேன், சார். பொய் சொல்லவில்லை.

காரியம் முடிந்து சகாதேவன் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"புதுசு வேணாம்பா. அவ போட்டோ எல்லாம் அந்தப் பழசுலதான் கீது. எப்டினா தொறந்து குடு தம்பி."

அந்தக் கைகளைப் பார்க்க முடியவில்லை. எங்கே வைப்பதென்று தெரியாமல் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அது கொண்டுவந்த அன்றே சரியாகிவிட்டது, சார். உள்ளே ஒரு ஒயர் கழன்றிருந்தது, மாட்டினேன், ஆன் ஆகிவிட்டது. ஐப்பசி வரட்டும் என்று கல்லாவுக்குக் கீழே வைத்திருந்தேன்.

அவரை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். எல்லாவற்றையும் அழித்தேன். ஏராளமான படங்கள், கொஞ்ச நேரம் பிடித்தது. வெளியே வந்து, "ஒண்ணும் தேறலைங்க" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பாவம், உண்மை தெரிந்தால் தாங்கியிருக்கமாட்டார். என்னால் முடிந்த உதவியைச் செய்தேன்.