மருந்தில் குறையில்லை என்று சொன்னது தொடர்பாக

பெயர், தனித்தாளில் உள்ளபடி. வயது நாற்பத்தாறு. சுகாதார அமைச்சகத்தின் செய்தித் தொடர்பாளராக ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அமைச்சகத்துக்குப் பின்னால் உள்ள ஊழியர் குடியிருப்பில், இரண்டாவது மாடியில், மனைவியுடன் வசிக்கிறேன். இன்று காவல் நிலையத்தில் விசாரிக்கப்பட்டபோது, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்வதாவது:

கடந்த மாதம் நான்காம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து ஒன்றில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நச்சு கலந்திருப்பதாக ஆய்வக அறிக்கை என் மேசைக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு துறைச் செயலாளரின் அறைக்குப் போனேன். அவர் அதைக் கையில் வாங்காமலேயே, "ரெண்டாவது டெஸ்ட் வரட்டும். அதுவரைக்கும் மருந்துல குறையில்லன்னு சொல்லிடுங்க," என்றார். "அப்ப இந்த ரிப்போர்ட், சார்?" என்று கேட்டேன். "எந்த ரிப்போர்ட்?" என்றார். அதன் பின்னர் பதினொரு மணிக்குச் செய்தியாளர்கள் முன் உட்கார்ந்து, மருந்தில் குறையில்லை என்று சொன்னேன். ஒரு பெண் நிருபர், "உங்க வீட்டுக் குழந்தைக்கு இதைக் கொடுப்பீங்களா?" என்று கேட்டார். "தாராளமா கொடுப்பேன்," என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். இதை எழுதும் அதிகாரி, சிரித்ததை எழுத வேண்டுமா என்று கேட்டார். எழுதச் சொன்னேன்.

அதன் பின்னர் என் தங்கை இரண்டு முறை போன் செய்தாள். அமைச்சரின் அறையில் இருந்ததால் துண்டித்துவிட்டேன். மாலை நான்கு மணிக்குத்தான் அவள் அனுப்பியிருந்த செய்தியைப் பார்த்தேன். "அண்ணா, பக்கத்து வீட்டுல பயமுறுத்தினாங்கன்னு மருந்தை எடுத்து வச்சிட்டேன். டிவில நீ சொன்னதும்தான் உயிரே வந்துச்சு. கொடுத்துட்டேன்," என்று இருந்தது. அவள் மகனுக்கு மூன்று வயது. உடனே கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். முதலில் கிளம்பு என்று சொல்லிப் போனை வைத்தேன். அதற்குள் இரண்டு வேளை மருந்து உள்ளே போயிருந்தது.

அதன் பின்னர் குழந்தைக்கு டயாலிசிஸ் செய்தார்கள். அந்த நாட்களிலும் நான் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே வாசகத்தைச் சொன்னேன். பத்தாம் தேதி காலை குழந்தை இறந்தது.

பதின்மூன்றாம் தேதி செய்தியாளர் சந்திப்பு நடந்துகொண்டிருந்தபோது தங்கை உள்ளே வந்தாள். என் தங்கை என்பதால் வாசலில் யாரும் தடுக்கவில்லை. மேசையிலிருந்த மைக்கைப் பிடுங்கி என் வாயிலேயே அடித்தாள். "இந்த வாய்தானே சொல்லுச்சு?" என்று கேட்டாள். முன்பல் இரண்டு போயின. ஆமாம் என்றேன். மைக் அணையாமல் இருந்ததால் அது ஒளிபரப்பானது.

அதன் பின்னர் செயலாளர் நான் படுத்திருந்த வார்டுக்கு வந்து, "தங்கச்சிக்கு மனநிலை சரியில்லன்னு ஒரு வரி சொல்லிடுங்க, எல்லாம் அடங்கிடும்," என்றார். "வெளிய போங்க," என்றேன். என் தங்கையின் புத்தி தெளிவாகவே இருந்தது. அவள் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. ஆய்வக அறிக்கையின் நகலை இத்துடன் ஒப்படைத்திருக்கிறேன்.

மேலே உள்ளவற்றை முழுதும் படித்துப் பார்த்தேன். நான் சொன்னபடியே, உண்மையாகவே இருக்கின்றன. கீழே இருப்பது என் கையெழுத்து. தங்கை மேல் என் பெயரில் அமைச்சகம் கொடுத்த புகாரில் இருப்பது என்னுடையதல்ல.

(ஒப்பம்)