அதை மட்டும் மூடாதே

அப்பா: கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குமா, பாப்பா?

மகள்: மேசைக்கு அடியில இரையுதே, அதுவாப்பா? உள்ள இருக்கிற ஃபேன். சூடாயிருக்கும்.

அப்பா: காலையிலருந்து இப்படித்தான். எதத் தட்டினாலும் அசைய மாட்டேங்குது. நாளைக்கு பஸ் டெப்போல மெடிக்கல் செக்கப்... அதுக்குள்ள சரியாகணும்.

மகள்: மெடிக்கலுக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்?

அப்பா: ஒரு... ஒரு ஃபாரம் படிக்கணும். சொன்னதச் செய்யேன், குறுக்குக் கேள்வி கேட்டுக்கிட்டு.

மகள்: சரி, நகருங்க. ம்ம்... பாருங்க. இப்ப என்னென்ன ஓடுதுன்னு லிஸ்ட். ஒரே பிரௌசர் பேரு பதினாலு தடவ இருக்கு.

அப்பா: பதினாலா! நான் தொறந்தது ஒண்ணுதானே? எவனோ உள்ள பூந்துட்டான். எல்லாத்தையும் மூடு, மூடு!

மகள்: ஐயோ, பதறாதீங்க. ஒவ்வொரு பக்கத்தையும் அது தனித்தனியாத்தான் ஓட்டும். ஒண்ணு சிக்கிக்கிட்டா மத்ததும் சேந்து நின்னுடக் கூடாதுல்ல?

அப்பா: ஓ... என் பஸ் வழியில படுத்துட்டாலும் பின்னால வர்ற பஸ் வந்துருமே, அந்த மாதிரி.

மகள்: அதேதான், டிரைவர் சார். ஆனா எது எதுன்னு இதுல தெரியாது. பிரௌசருக்குள்ளயே இன்னொரு லிஸ்ட் இருக்கு. இதோ, இதுல பேரோட இருக்கும். மொத வரிய நீங்களே படிங்களேன்.

அப்பா: கண்ணாடிய எங்கயோ வெச்சுட்டேம்மா...

மகள்: மூக்கு மேல இருக்கு.

அப்பா: இது... பழைய கண்ணாடி. நீயே படி.

மகள்: வானிலை. டியூட்டி சார்ட். பாட்டு. பாட்டு. மறுபடியும் பாட்டு... ஏம்ப்பா, ஒண்ண மூடிட்டு அடுத்தத கேக்க மாட்டீங்களா?

அப்பா: மூடுற அந்தக் குறி கடுகளவு இருக்கு. எவன் தேடுறது?

மகள்: ம்ம்... ஆ, பிடிச்சுட்டேன்! கடைசி வரி. 'படித்துக் காட்டும் கருவி'. இதுதான் சிக்கிக்கிட்டு மொத்த மெஷினையும் இழுத்துப் பிடிச்சிருக்கு. நீங்க வெச்சதா?

அப்பா: நான் எதையும் வெக்கல.

மகள்: அப்ப தூக்கி வீசிடவா?

அப்பா: வேணாம்!

மகள்: ஏம்ப்பா இப்படிக் கத்துறீங்க?

அப்பா: இல்ல... அது பாட்டுக்கு ஒரு மூலையில இருந்துட்டுப் போகட்டும். அது யாருக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?

மகள்: சரி. தூக்கல. நிறுத்திட்டு மறுபடி எழுப்பி விடுறேன்... அவ்வளவுதான். ஃபேன் அடங்கிடுச்சு, கேட்டீங்களா?

அப்பா: என் தங்கம்! போ, போய் உன் வேலையப் பாரு. மீதிய நான்—

மகள்: பேசுதான்னு ஒரு தடவ அழுத்திப் பாத்துடுறேன்.

அப்பா: அழுத்தாத, பாப்பா!

கம்ப்யூட்டர்: கண் பரிசோதனை அட்டை. நான்காவது வரி. எல், பி, இ, டி. ஐந்தாவது வரி. பி, இ, சி—

அப்பா: நிறுத்து... நிறுத்தும்மா.

மகள்: அட்டைய மனப்பாடம் பண்றீங்களா?

அப்பா: இருபத்தாறு வருஷம். என் வண்டியில ஒரு கீறல் விழல. ரிட்டயராக இன்னும் ரெண்டே வருஷந்தான்... வழி பூரா எனக்கு அத்துப்படி.

மகள்: போன வாரம் நம்ம ஸ்டாப்புல கை காட்டிட்டு நின்னேன். நிக்காமப் போயிட்டீங்க.

அப்பா: நீயா அது? நான்... கம்பம்னு நெனச்சேன்.

மகள்: பத்தடி தூரத்துலதாம்ப்பா நின்னேன்.

அப்பா: அம்மாகிட்ட சொல்லிடாத. நாளைக்கு ஒரு நாள் தாண்டிட்டா டாக்டர்கிட்ட போயிடுறேன். இந்தக் கருவி, யாரு வெச்சாங்களோ, நல்லா இருக்கட்டும்... தானா வந்து கை குடுத்துச்சு.

மகள்: தானா வரலப்பா. நான்தான் வெச்சேன். ரெண்டு மாசம் முந்தி, மருந்துச் சீட்ட மூக்குல ஒட்டிக்கிட்டுப் படிச்சீங்களே, அன்னிக்கு. அப்பவே எனக்குத் தெரியும். வாயத் திறக்க பயந்துக்கிட்டு, தினமும் டிபன் பாக்ஸ கையில குடுத்து உங்கள வண்டிக்கு அனுப்பிட்டு, நீங்க திரும்பி வர்ற வரைக்கும் வாசல்லயே நின்னேன்... அப்பா? எங்க எழுந்துட்டீங்க? சட்டைப் பையிலருந்து என்ன எடுக்குறீங்க?... லைசென்ஸ எதுக்கு என் கையில தர்றீங்க? அப்ப நாளைக்கு மெடிக்கலுக்குப் போகலயா? செருப்பப் போடாம எங்க... அப்பா... ஒரு வார்த்த பேசிட்டுப் போங்கப்பா...